என்பிஏ பிளேஆஃப்: கிழக்கு, மேற்கு என்று பிரிப்பதா, 1 முதல் 16 வரை ஒரே வரிசையா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அணிகள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கான்ஃபரன்ஸாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் எட்டு அணிகள் கோப்பைக்கான பிளேஆஃபுக்குப் போகும், அங்கே ஒவ்வொரு தொடரிலும் ஏழு ஆட்டத்தில் முதலில் நான்கு ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்கு. 2013-14 சீசனில் ஃபீனிக்ஸ் சன்ஸ் 82 ஆட்டத்தில் 48 ஜெயித்தும் பிளேஆஃபுக்குப் போகவில்லை. அதே சீசனில் அட்லாண்டா ஹாக்ஸ் ஜெயித்தது 38, தோற்றது 44, ஆனாலும் உள்ளே வந்துவிட்டது. சன்ஸ் மேற்கில் இருக்கிறது, ஹாக்ஸ் கிழக்கில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். கிழக்கில் அந்த வருஷம் டொராண்டோவும் சிகாகோவும் எடுத்ததும் அதே 48 வெற்றிதான், அவர்களுக்கு மூன்றாவது, நான்காவது இடம் கிடைத்தது. 2008லும் இப்படியே நடந்தது: கோல்டன் ஸ்டேட் 48 ஜெயித்து வெளியே, ஹாக்ஸ் 37 ஜெயித்து உள்ளே. இரண்டு தடவையும் ஹாக்ஸ்தான்.

இதைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, கான்ஃபரன்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு முப்பது அணிகளில் முதல் பதினாறை எடுத்து வரிசைப்படுத்து என்பதுதான். நானும் ரொம்ப வருஷம் அந்தக் கட்சிதான். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: யார் உள்ளே வருவது என்பது ஒன்று, உள்ளே வந்தவர்களில் யாரோடு யார் எப்போது மோதுவது என்பது இன்னொன்று. என்னை உறுத்துவது இரண்டாவது.

முதல் கேள்வியின் கூர்மை இப்போது கொஞ்சம் மழுங்கிவிட்டது. 2021லிருந்து பிளே-இன் என்ற தகுதிச் சுற்று வந்துவிட்டதால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு முதல் பத்து வரை உள்ள அணிகள் கடைசி இரண்டு இடத்துக்கு ஆடுகின்றன. 2014 சன்ஸ் ஒன்பதாவது இடத்தில் முடித்தது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அவர்களுக்கு வாசல் திறந்திருக்கும், இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தால் உள்ளேதான். அப்புறம், அந்த ஹாக்ஸையும் லேசாக எடை போட முடியாது. 2008ல் பாஸ்டனையும் 2014ல் இந்தியானாவையும், இரண்டுமே கிழக்கின் முதல் இட அணிகள், ஏழாவது ஆட்டம் வரை இழுத்துவிட்டுத்தான் தோற்றார்கள்.

இரண்டாவது கேள்விக்கு 2018ஐத்தான் சொல்வேன். மேற்கு கான்ஃபரன்ஸின் இறுதி, சீசனில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 65 வெற்றி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 58 வெற்றி. ராக்கெட்ஸ் 3-2 என்று முன்னால் நிற்கிறது, ஆனால் ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் அவர்களுடைய கிறிஸ் பால் தொடைத் தசைக் காயத்தோடு போனவர் திரும்பவில்லை. ஏழாவது ஆட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு. முதல் பாதி முடிவில் ராக்கெட்ஸுக்கு 11 புள்ளி முன்னிலை, அதைப் பார்த்துவிட்டு நான் ஆபீசுக்குத் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் இரண்டாவது கால்பகுதியில் தொடங்கி நான்காவது கால்பகுதி வரை அவர்களுடைய மூன்று புள்ளி ஷாட் தொடர்ச்சியாக 27 தவறியது. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்தது விழும் என்று நம்பினேன். 101-92, வாரியர்ஸ். அந்த சீசனின் உண்மையான இறுதிப்போட்டி அதுதான். ஆனால் காகிதத்தில் அது அரையிறுதி, பெயரளவு இறுதியில் வாரியர்ஸ் கிளீவ்லேண்டை 4-0 என்று முடித்துவிட்டது. 2002லும் இப்படித்தான், லேக்கர்ஸும் சாக்ரமெண்டோவும் மேற்கு இறுதியில் ஏழு ஆட்டம் உயிரைக் கொடுத்து ஆடின, பிறகு லேக்கர்ஸ் நியூ ஜெர்சியை 4-0.

சரி, அப்படியானால் 1-16தானே தீர்வு? பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏ 2016ல் அதைச் செய்தது, கான்ஃபரன்ஸ் பார்க்காமல் எட்டு அணிகள். முதல் வருஷமே மேற்கைச் சேர்ந்த இரண்டு அணிகள், மின்னசோட்டா லின்க்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸும், இறுதிக்கு வந்தன. ஐந்தாவது ஆட்டத்தில் 3.1 விநாடி மிச்சமிருக்க நெக்கா ஒகுமிகே தன் ஷாட் தடுக்கப்பட்டும் பந்தைத் திரும்பப் பிடித்துப் போட்டு 77-76 என்று ஸ்பார்க்ஸை ஜெயிக்க வைத்தார். பழைய முறையில் அந்த இரண்டு அணியும் மேற்கு இறுதியிலேயே மூன்று ஆட்டத் தொடரில் மோதி ஒன்று வீட்டுக்குப் போயிருக்கும்.

ஆனால் அங்கே அன்று 12 அணி, 34 ஆட்டம், எல்லோரும் எல்லோரோடும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆடினார்கள். அதனால் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடலாம். என்பிஏவில் 82ல் 52 ஆட்டம் சொந்த கான்ஃபரன்ஸோடு, 30 மட்டும் மறுபக்கத்தோடு. கிழக்கில் எடுத்த 44 வெற்றியும் மேற்கில் எடுத்த 44 வெற்றியும் ஒரே எடை இல்லை. முழு 1-16 வேண்டுமென்றால் முதலில் அட்டவணையை உடைத்து எழுத வேண்டும்.

பயணமும் சாதாரண விஷயம் இல்லை, லீக் தலைவர் ஆடம் சில்வரே அதைத்தான் பெரிய தடை என்று சொல்லிவந்தார். மயாமியும் போர்ட்லாண்டும் முதல் சுற்றிலேயே மோதினால், ஏழு ஆட்டம் போனால், தொடருக்குள் நான்கு தடவை நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, ஒவ்வொரு தடவையும் 4,000 கிலோமீட்டருக்கு மேல். போர்ட்லாண்டில் இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் மயாமியில் மணி பத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எப்படிப் பார்ப்பான்? இறுதியில் இதே கஷ்டம் ஒரு தொடருக்கு மட்டும், 1-16ல் முதல் சுற்றிலிருந்தே வரலாம். இன்னொன்று, பாஸ்டனும் லேக்கர்ஸும் 12 முறை மோதியது அத்தனையும் இறுதியில். அது ஒரு ஏப்ரல் மாத முதல் சுற்றில் முடிந்துபோவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

அதனால் நான் நிற்பது நடுவில் இருக்கிற மூன்றாவது வழியில். முதல் இரண்டு சுற்று இப்போது போலவே கிழக்கு கிழக்கோடு, மேற்கு மேற்கோடு. மிஞ்சும் நான்கு அணிகளை மட்டும் வெற்றிக் கணக்குப்படி மறுபடி வரிசைப்படுத்தி, ஒன்றும் நான்கும், இரண்டும் மூன்றும் மோதட்டும். நீண்ட பயணம் கூடுவது இரண்டே தொடரில்தான். 2019 கடைசியில் லீகே இந்த யோசனையை அணிகள் முன் வைத்தது, வாக்கெடுப்பு வரை வராமலேயே நின்றுபோனது.

இந்த முறை 2018ல் இருந்திருந்தால் மிஞ்சிய நான்கில் ராக்கெட்ஸ் 65, வாரியர்ஸ் 58, பாஸ்டன் 55, கிளீவ்லேண்ட் 50. அரையிறுதியில் ராக்கெட்ஸின் ஹார்டனும் கிளீவ்லேண்டின் லெப்ரானும் நேருக்கு நேர், அந்தப் பக்கம் வாரியர்ஸுக்கு பாஸ்டன். அந்த 27 ஷாட் தவறிய ஏழாவது ஆட்டம் வருவதாக இருந்தால், அது ஜூன் மாதத்தில், கோப்பை மைதான ஓரத்தில் காத்திருக்க வந்திருக்கும்.