கீச்சன் வீட்டு விடுதி: வெந்நீர் சுமார், மொட்டைமாடி பிரமாதம்

ஜோத்பூரில் தங்கிக்கொண்டு காலையில் காரில் கீச்சனுக்குப் போய், குளிர்காலத்தில் வலசை வரும் குர்ஜா கொக்குகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். எங்களுக்கு நாலரைக்கு வரவேண்டிய வண்டி ஏழு மணிக்கு வந்தது, போய்ச் சேர்ந்தபோது பறவைகளுக்குத் தீனி போடும் களத்தில் எச்சமும் நாலைந்து புறாவும்தான். சரி என்று, பலோதிக்குப் பக்கத்திலிருக்கும் கீச்சன் கிராமத்திலேயே ஒரு வீட்டு விடுதியில் ராத்திரி தங்கிவிட்டோம்.

அறை சுமார்தான். வெந்நீர் கேட்டால்தான் வாளியில் வரும், ஜனவரிக் குளிரில் அதுவும் பாதி ஆறிப்போய். சாப்பாட்டில் குறையில்லை: நெய் வழியும் கம்பு ரொட்டி, கேர் சாங்ரி என்ற பாலைவனக் காய்க் கறி. ஆனால் நான் மார்க் போடுவது மொட்டைமாடிக்கு. 'சுக்கா கர்' என்று அவர்கள் சொல்லும் வேலி போட்ட தீனிக்களம் நேர் எதிரே.

வெளுக்கும் நேரத்தில் மணல்மேட்டுப் பக்கமிருந்து கர்ர் கர்ர் என்று சத்தம். அப்புறம் வரிசை வரிசையாக வந்து, உடனே இறங்காமல் இரண்டு மூன்று சுற்று சுற்றி, வேலிக்கு வெளியே நின்று பார்த்து, ஒன்று துணிந்து உள்ளே போன பிறகுதான் மற்றவை சோளத்தில் வாய் வைத்தன. சாரஸ் கொக்கு வகையறாவிலேயே சின்னது இதுதான், உயரம் மூன்றடி. சாம்பல் உடம்பு, நெஞ்சில் தொங்கும் கறுப்பு இறகு, சிவப்புக் கண், அதன் பின்னால் காதில் செருகியது போல வெள்ளைக் குஞ்சம். இந்த உடம்போடு மங்கோலியா, மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது!

1970களில் ஊர்ச் சமணர்கள் நூறுக்கும் குறைவான பறவைகளுக்குத் தீனி போடத் தொடங்கினார்களாம், இப்போது ஆயிரக்கணக்கில் வருகின்றன. வெளியூர் போன கணவனுக்குக் குர்ஜாவிடம் சேதி சொல்லி அனுப்பும் நாட்டுப்பாட்டு ஒன்று உண்டு, விடுதி அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே இரண்டு வரி பாடிக் காட்டினார். நம்மூரில் நாரையைத் தூது விட்டவர் புருஷன், இங்கே பெண்டாட்டி.

தீனி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், குளத்தங்கரைக்குப் போங்கள். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2025ல் சேர்ந்த இடம். தண்ணீர் குடித்து, பொடிக்கல் பொறுக்கி விழுங்கிக்கொண்டு நிற்கும், களத்தைவிட அங்கேதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரைதான் இதெல்லாம். அறை சொல்லும்போதே ஐந்தரை மணிக்கு டீயும் வெந்நீரும் கண்டிப்பாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.