ஜோர்டான் பந்தைக் கொடுத்ததும், தானே எறிந்ததும்

1997, 1998 என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடர்கள். இரண்டிலும் சிகாகோ புல்ஸும் யூட்டா ஜாஸும்தான். இரண்டுமே ஆறாவது ஆட்டத்தில், கடைசி நொடிகளில்தான் முடிவாயின.

1997இல் சிகாகோவில் ஸ்கோர் 86-86. டைம் அவுட்டில் (ஆட்ட இடைநிறுத்தம்) சிகாகோவின் மைக்கேல் ஜோர்டான் பக்கத்திலிருந்த சக வீரர் ஸ்டீவ் கெரிடம், யூட்டாவின் ஸ்டாக்டன் தன்னை மடக்க வருவார், தயாராக இரு என்கிறார். அப்படியே நடந்தது. 39 புள்ளி எடுத்த கை பந்தை விட்டுக்கொடுத்தது. கெர் தயங்காமல் எறிந்தார். 5 நொடி மீதம். 88-86. ஆட்டம் முடிந்தபோது 90-86.

அடுத்த வருடம் சால்ட் லேக் சிட்டி. 86-83 என்று பின்தங்கிய நிலையில் ஜோர்டான் ஒரு லே-அப் (கூடைக்கு அருகே போய்ப் போடும் எறிதல்) போட்டார். பிறகு யூட்டாவின் மலோனின் பின்னால் வந்து பந்தைத் தட்டிப் பறித்தார். பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் டைம் அவுட் கேட்கவில்லை. அதுவும் ஒரு தலைமைதான். எதிரணி மூச்சு வாங்கி அணிவகுக்க அவகாசமே இல்லை. தன்னைத் தடுக்க நின்ற யூட்டாவின் ரஸல் தடுமாற, ஜோர்டான் எறிந்தார், 87-86. அன்று அவர் கணக்கில் 45 புள்ளிகள்.

உலகம் இரண்டாவதைத்தான் போஸ்டராக ஒட்டிவைத்திருக்கிறது. எனக்கு முதலாவதுதான் பெரிது. 1998இல் அவர் தன்னை மட்டும் நம்பினால் போதும். 1997இல் தன் பதற்றத்தை அடக்கியதோடு, இன்னொருவருக்கும் நிதானத்தை முன்கூட்டியே கொடுத்து வைத்தார். ஜோர்டான் இல்லாத அணிகளும் பழகிக்கொள்ளக்கூடியது இதுதான்: டைம் அவுட்டில் சொல்லும் அந்த ஒரு வரி.