ஓநாய்க் காதல் கதை ஆப்பில் காயின் வாங்கப் போகிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள்

ஃபேஸ்புக்கில் ஓநாய்க் காதல் கதை விளம்பரம் ஒன்றின் மேல் விரல் பட்டுவிட்டால் போதும், அடுத்த ஒரு மாதத்துக்கு ஆல்ஃபாக்கள்தான் வரிசையாக வந்து உறுமிக்கொண்டிருப்பார்கள். அந்த விளம்பரங்கள் கூட்டிக்கொண்டு போகிற ஆங்கிலக் கதை ஆப்களில் ஒன்றில் நான் காசு போட்டேன். விளம்பரத்தில் காட்டிய கதை உள்ளே இல்லை, உள்ளே இருந்த கதைக்கு முடிவு இல்லை, நான் கேட்காத சந்தா ஒன்று வாராவாரம் பணம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆப்பின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை இறக்கி வைப்பீர்கள். பெயர் தெரிவதை விட, எந்த இடத்தில் காசு போகிறது என்று தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

"இதையெல்லாமா படிக்கிறாய்" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், படிக்கிறேன், பிடிக்கும். அது பிரச்சினை இல்லை.

இந்த வகை பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதராகவும் ஓநாயாகவும் மாறக்கூடியவர்கள் பேக் பேக்காக, அதாவது கூட்டம் கூட்டமாக, வாழ்வார்கள். தலைவன் ஆல்ஃபா, அவன் துணைவி லூனா, அவனுக்கு அடுத்த நிலையில் பீட்டா, எல்லோருக்கும் கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டு ஒமேகா. பதினெட்டு வயதானதும் நிலா தெய்வம் யாரை மேட்டாக, அதாவது விதித்த துணையாக, குறித்திருக்கிறது என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும். ஆல்ஃபாவுக்கு வாய்ப்பவள் எப்படியும் அந்த ஒமேகாவாகத்தான் இருப்பாள், அவன் தன் முழுப்பெயரையும் பேக்கின் பெயரையும் சொல்லி முறைப்படி அவளை நிராகரிப்பான், அவள் வயிற்றுப் பிள்ளையோடு ஊரை விட்டுப் போய், சில வருடம் கழித்து யாரும் நினைத்துப் பார்க்காத பலத்தோடு திரும்புவாள், அப்புறம் அவன் காலில் விழுந்து கெஞ்சுவான். அந்தக் கெஞ்சலுக்காகத்தான் நாம் படிக்கிறோம். (நிஜ ஓநாய்களுக்கு இந்த ஆல்ஃபா கணக்கு பொருந்தாது என்பது தனிக் கதை. அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து கிளம்பிய எண்ணம் அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே 1999-இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று எழுதிவிட்டார். நம் ஆல்ஃபாக்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.)

இப்போது காசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். நிராகரிப்பு மூன்றாம் நான்காம் அத்தியாயத்திலேயே நடந்துவிடும், அதுவரை இலவசம். கெஞ்சல் எங்கோ நூற்றைம்பதாவது அத்தியாயத்துக்கு அந்தப் பக்கம். இடையில் இருக்கிற அத்தனையும் பூட்டு. அவள் ஊரை விட்டுப் போகிற இரவில், எல்லையில் யாரோ அவள் கையைப் பிடிக்கிற வரியில், சரியாக அங்கே பூட்டு வந்து நிற்கும். வார இதழ் தொடர்கதையும் இப்படித்தான் முடியும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அங்கே அடுத்த வார இதழின் விலை அட்டையிலேயே இருக்கும். இங்கே விலை, ஆப்புக்குள் காசு கொடுத்து வாங்குகிற காயினில் இருக்கிறது. 100 காயின் தோராயமாக 90 ரூபாய்க்கு வந்தது, ஒரு அத்தியாயத்துக்கு 12-லிருந்து 18 காயின் வரை பிடித்தார்கள், ஏன் ஒன்றுக்கு 12, இன்னொன்றுக்கு 18 என்றால் வார்த்தைக் கணக்காம். சராசரி 15 என்று வையுங்கள். ஒரு அத்தியாயம் பதின்மூன்றரை ரூபாய். கேட்கும்போது ஒரு டீ காசு மாதிரிதான் இருக்கும். அந்தக் கதை 280 அத்தியாயத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, முழுதும் படிக்க 3,600 ரூபாய்க்கு மேல் ஆகும், அந்தப் பணத்துக்குக் கடையில் எட்டு ஒன்பது ஆங்கில நாவல் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். இந்த 3,600 என்ற எண் ஆப்பில் எந்த இடத்திலும் இல்லை. கதையின் முகப்பில் பார்வைகள் எத்தனை, நட்சத்திரம் எத்தனை, எல்லாம் இருக்கிறது, முழுக் கதைக்கு எவ்வளவு என்பது மட்டும் இல்லை.

அதைவிட மோசம் ஆட்டோ அன்லாக். முதல் பூட்டைத் திறக்கும்போது கீழே சின்னதாக ஒரு கட்டம், அதில் டிக் ஏற்கெனவே போட்டே இருக்கும். எடுக்காவிட்டால் அதற்கப்புறம் உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பக்கத்தைத் தள்ளத் தள்ளக் காயின் கரையும். இரவு பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டு படிக்கிற கதை இது, அந்த நேரத்தில் யார் கணக்குப் பார்ப்பார்கள்? காயின் தீர்ந்ததும் "இந்தச் சலுகை இன்னும் 9 நிமிடம் மட்டும்" என்று ஒரு கடிகாரம் ஓடும். அந்தக் கடிகாரத்தை ஓடி முடிக்க விட்டுப் பார்த்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. காயினோடு தருகிற போனஸ் விஷயத்தையும் கவனியுங்கள், காசு கொடுத்து வாங்கியதற்குக் காலக்கெடு இல்லை, போனஸுக்கு உண்டு, சில நாளில் செத்துப்போகும். அது வீணாகிவிடக்கூடாதே என்று உட்கார்ந்து படிப்போம், படித்தால் போனஸ் தீரும், தீர்ந்தால் சொந்தக் காயின் போகும்.

சரி, கதைக்காவது வருவோம். விளம்பரத்தில், திரும்பி வந்த நாயகி நிலா ஒளியில் வெள்ளை ஓநாயாக மாறி மொத்தப் பேக்கையும் மண்டியிட வைக்கிற காட்சி ஒன்று இருந்தது. நான் படித்தவரை அது கதையில் வரவே இல்லை. அவள் வெள்ளை ஓநாயே இல்லை, பழுப்பு. நூறு அத்தியாயம் வரை கதை நன்றாகவே போனது, அந்தப் பெண்ணுக்கும் அவள் அத்தைக்கும் நடக்கிற பேச்சுகளை யாரோ கை தேர்ந்தவர்தான் எழுதியிருக்க வேண்டும். அப்புறம் திடீரென்று எழுத்து மாறுகிறது. நீலக் கண் பச்சைக் கண்ணானது, செத்த பீட்டா காலை உணவுக்கு வந்து உட்கார்ந்தான். ஓநாய் மூப்பர்கள் காட்டுக்குள் கூடிய சபையில் நாயகன் எழுந்து பங்குதாரர்களின் வாக்கெடுப்பைப் பற்றிப் பேசுகிறான், ஒரு அத்தியாயம் முழுக்க அவனை எல்லோரும் "சிஇஓ" என்று கூப்பிடுகிறார்கள். புரிந்துவிட்டது. ஏதோ கோடீஸ்வரன் காதல் கதையை எடுத்து, சிஇஓவை ஆல்ஃபாவாகவும் கம்பெனியைப் பேக்காகவும் மாற்றி இதன் வாலில் ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டியவர் அந்த அத்தியாயத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டார். அதற்கும் 16 காயின்.

கெஞ்சல் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, ஒன்றரைப் பத்தி. உடனே மகள் பெரியவளாகி அவளுக்கு ஒரு மேட், அவனும் நிராகரிக்கிறான், மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. அதோடு அப்டேட் நின்றுவிட்டது. முகப்பில் இன்றைக்கும் "தினமும் புது அத்தியாயம்" என்றுதான் போட்டிருக்கிறது.

இதற்கு எழுதுபவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த மாதிரி ஆப்களில் நைஜீரியா, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று எங்கெங்கோ இருந்து எழுதுகிறார்கள், பல ஒப்பந்தங்களில் மாதத்துக்கு இத்தனை வார்த்தை, இத்தனை நாள் விடாமல் அப்டேட் என்றால்தான் போனஸ். அப்படி எழுதச் சொன்னால் ஒரு முத்தத்துக்கு நான்கு அத்தியாயம் ஆகத்தான் செய்யும். அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்காகவே நடக்கும் 'ரைட்டர் பிவேர்' என்ற கண்காணிப்பு அமைப்பு இந்த வகை ஒப்பந்தங்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. எழுத நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இப்போது சந்தா. காயின் செலவு ஏறுகிறதே என்று பார்த்தபோது "விஐபி, முதல் வாரம் 19 ரூபாய், எல்லாக் கதையும் தடையில்லாமல்" என்று ஒரு பலகை வந்தது. அடுத்த வாரத்திலிருந்து 399 என்பது சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் எழுத்தில் இருந்தது. அந்தப் பலகையை மூடும் பெருக்கல் குறியைத் தொட்டால் "வேண்டாம், எனக்கு என் மேட் தேவையில்லை" என்று ஒரு பொத்தான் வந்தது, அதையும் தொட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனால் சந்தா விழுந்திருந்தது. எந்த இடத்தில் விழுந்தது என்றால், இலவச அத்தியாயம் ஒன்று தருகிறோம் என்ற இன்னொரு பலகையின் பெரிய பச்சைப் பொத்தானில். யுபிஐ ஏற்கெனவே கூகுள் பிளேயில் இணைத்திருந்ததால் பின் நம்பர் கேட்டபோது, எப்போதும் போலக் காயின் வாங்கத்தான் கேட்கிறது என்று எண்ணிப் போட்டாகிவிட்டது. பணம் பிடிப்பதற்கு முந்தின நாள் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, அதில் கூகுள் பிளே என்றுதான் இருந்தது, ஆப்பின் பெயர் இல்லை. இதில் வேடிக்கை, அந்த விஐபியில் என் கதை அடக்கமே இல்லையாம். அது "தனி உரிமைக் கதை", அதற்குக் காயின்தான்.

ஆப்பின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "அன்பான வாசகரே, உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று ஆரம்பித்து, நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல், 50 போனஸ் காயின் அனுப்பியிருக்கிறோம் என்று முடித்திருந்தார்கள். மறுபடி எழுதினேன், எழுத்துக்கு எழுத்து அதே பதில், இந்தத் தடவை 30 காயின். இரண்டுக்கும் காலக்கெடு மூன்று நாள்.

பணம் திரும்பி வந்தது கூகுள் வழியாகத்தான், அதுவும் கடைசி வாரத்துச் சந்தா மட்டும். கூகுள் பிளேயில் வாங்கியதற்கு 48 மணி நேரத்துக்குள் உங்கள் ஆர்டர் வரலாற்றுக்குப் போய் ரீஃபண்ட் கேட்டால் பார்த்து முடிவு செய்வார்கள், அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஆப்காரர்களிடமே போகச் சொல்லிவிடுவார்கள். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கம் இருக்கிறது. முக்கியமான ஒன்று, ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. நிறைய பேர் ஆப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், பணம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், அப்படியே உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தில் என்னென்ன உயிரோடு இருக்கிறது என்றும் பாருங்கள், அங்கேயே நிறுத்தலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

மேலே சொன்னவற்றில் பல வெறும் எரிச்சல் இல்லை, நம் ஊரில் அவற்றுக்கு எதிராக விதியே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 13 வகை பட்டியலிட்டிருக்கிறார்கள், பொய் அவசரம், வெட்கப்படுத்திச் சம்மதிக்க வைப்பது, சந்தாப் பொறி, ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருவது எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் சேவை தருகிற தளங்களுக்கெல்லாம் அது பொருந்தும், கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது என்பது சாக்கு ஆகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். நான் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

இதற்கெல்லாம் பிறகும் படிக்கத்தான் போகிறீர்கள், தெரியும். அப்படியென்றால் முதல் பூட்டைத் திறக்கும் முன் மொத்த அத்தியாயத்தை ஒரு அத்தியாயத்தின் விலையால் பெருக்கிப் பாருங்கள், கதை முடிந்ததா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், "முடிந்தது" என்று போட்டிருந்தாலும் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு முடிவு மாதிரி இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். எழுதியவர் பெயரைத் தனியாகத் தேடுங்கள், அதே கதை அமேசானில் முழு மின்நூலாக இரண்டு மூன்று நூறு ரூபாய்க்குக் கிடைப்பதும் உண்டு, வாட்பேட் என்ற கதைத் தளத்தில் பழைய வடிவம் இலவசமாக இருப்பதும் உண்டு. ஆட்டோ அன்லாக் டிக்கை எடுங்கள். கார்டையும் யுபிஐயையும் இணைப்பதற்குப் பதில் கூகுள் பிளே கிஃப்ட் கார்டில் ஒரு தொகை போட்டுக்கொண்டால் அது தீர்ந்ததும் கை நின்றுவிடும்.

கணக்கை அழிக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். காயின் வாங்கிய வரலாறு, செலவான வரலாறு, சந்தாப் பலகை, அவர்கள் அனுப்பிய பதில்கள், எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணக்கோடு சேர்ந்து அந்த வரலாறும் போய்விட்டால் புகாரில் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.