கடலடி கேபிளில் பழுது தேடித் தரும் சேவை: எங்கள் அனுபவம்

கடல் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் 32 கிலோமீட்டர் கேபிள் ஒரு நாள் டிரிப் ஆகி, அதாவது தானாகவே இணைப்புத் துண்டாகி, மறுபடி சார்ஜ் ஆகவே மாட்டேன் என்றது. மொத்தக் காற்றாலைகளும் சும்மா நின்றன. பழுது தேட ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். தேடுவதில் கெட்டிக்காரர்கள், அறிக்கையில்தான் கோட்டை விட்டார்கள்.

மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்ததில், கேபிளின் மூன்று மின்கம்பிகளில் (ஃபேஸ்) ஒன்றில் மட்டும் காப்பு மோசம். ஆனால் பழுதில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பார்க்கும் டீடிஆர் கருவியில் ஒரு மின்துடிப்பை அனுப்பினால் மூன்று ஃபேஸும் ஒரே மாதிரிதான் தெரிந்தன, ஏனென்றால் பழுதின் மின்தடை அதிகமாக இருந்தால் அந்தச் சின்னத் துடிப்பு அதைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடும். அதனால் டிசி மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றி, பழுதான இடத்தில் பொறி பறக்கும் கணத்தில் கிளம்பும் அலையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கேபிளை எர்த் செய்து நெடுநேரம் அப்படியே விட்டார்கள். இத்தனை நீளக் கேபிளில் தேங்கிய மின்னூட்டமே ஆளைக் கொன்றுவிடும், அதில் அவசரப்படாதது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் செய்ததுதான் முக்கியம். அலை வந்துசேரும் நேரத்தையும் அதன் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டதில், பழுது கரையிலிருந்து 19.6, கடல் முனையிலிருந்து 13.1 கிலோமீட்டர் என்று வந்தது. கூட்டினால் 32.7, கேபிளோ 32தான். கணக்கில் போட்ட அலைவேகம் கூடுதல் என்று உடனே சொல்லி, அதே விகிதத்தில் குறைத்து 19.2 என்றார்கள். இது போன்ற எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் காப்பு) கேபிளில் அலை மைக்ரோ விநாடிக்கு 160, 170 மீட்டர் அளவில் ஓடும். அதில் இரண்டு சதவீதம் பிசகினாலே இங்கே 400 மீட்டர் தள்ளிப்போய் வெறும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்போம். அதோடு நிற்காமல், கேபிளுக்குள் போகும் கண்ணாடி இழையான ஃபைபரில் அதிர்வு உணரும் கருவியை மாட்டி, பொறி வெடிப்பது எங்கே கேட்கிறது என்றும் பார்த்தார்கள். ஃபைபர் முறுக்கிச் செல்வதால் கேபிளைவிடச் சற்று நீளம், அந்த வித்தியாசத்தையும் மறக்காமல் கழித்தார்கள். பிறகு ஆர்ஓவி எனும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி இறங்கியபோது, சொன்ன இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் கவசக் கம்பிகள் பிரிந்து கிடந்தன, பக்கத்திலேயே நங்கூரம் இழுத்த தடம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. அறிக்கையில் கிலோமீட்டர் மட்டும் கொடுத்தார்கள். கப்பல்காரர்களுக்கு வேண்டியது அட்சரேகை, தீர்க்கரேகை. கேபிள் என்ன நேர்கோட்டிலா கிடக்கிறது? பதித்தபோது எடுத்த வரைபடத்தைத் தேடி எடுத்து நாங்களே இடம் குறிப்பதற்குள், கடல் அமைதியாக இருந்த ஒரு நாள் வீணானது. மறுபடியும் இவர்களைத்தான் கூப்பிடுவோம், ஆனால் இடக்குறிப்பும் சேர்த்துத் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான்.