கறுப்பியின் சனிக்கிழமைகள்: பணிநாய் மன்றத்தில் நான்கு ஆண்டுகள்

சனிக்கிழமை காலை 7 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வரப் பிற்பகல் 3 மணி ஆகிவிடும். அந்த 8 மணி நேரத்தில் என் நாய் கறுப்பி உண்மையாக வேலை செய்வது எவ்வளவு நேரம் என்று ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். 22 நிமிடம். மற்ற நேரமெல்லாம் அவள் காருக்குள் கூண்டில் தூங்குகிறாள். நான் வேலியோரம் நின்று அடுத்தவர் நாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பணிநாய் மன்றத்தில், அதாவது நாய்களை வேலைக்குப் பழக்கித் தேர்வுக்குத் தயார் செய்யும் சங்கத்தில், சேரலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குச் சற்று வெளியே. கறுப்பி ஜெர்மன் ஷெப்பர்டு. கண்காட்சிக்கு வளர்க்கும் சாய்ந்த முதுகுக்காரி அல்ல, வேலைக்கென்றே வளர்க்கப்படும் வம்சம். 2021 கோடையில் நான்கு மாதக் குட்டியாக வந்தாள். மூன்றாம் வாரமே சோபாவின் ஒரு கையைத் தின்று முடித்தாள். “ஒன்று இதை வந்த இடத்துக்கே அனுப்புங்கள், இல்லையென்றால் ஏதாவது வேலை கொடுங்கள்” என்றாள் மனைவி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

நாய்க்கு வேலை கொடுப்பது இந்த ஊரில் பழைய சங்கதி. 1899-இல் கார்ல்ஸ்ரூவே நகரில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். அதன் தலைமையகம் இப்போது ஆக்ஸ்பர்க்கில் இருக்கிறது, ஊர்ப்புறமெங்கும் கிளைகள். அழகு மட்டும் போதாது, உழைத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதிலிருந்து வளர்ந்த தேர்வைத்தான் நெடுங்காலம் ஷுட்ஸ்ஹுண்ட் (காவல் நாய்) என்றார்கள்; 2019 முதல் ஐ.ஜி.பி. (பன்னாட்டுப் பணிநாய்த் தேர்வு) என்று பெயர். மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 70 எடுத்தால்தான் தேர்ச்சி. அதற்கும் முன்னால், நாய்க்கு 15 மாதம் ஆனபின், துணைநாய்த் தேர்வு ஒன்று உண்டு. அதில் நாயின் முறை வருவதற்கு முன் நாம் உட்கார்ந்து எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தேர்வுத்தாளைப் பார்த்து எனக்குக் கை வியர்த்தது.

முதலில் சேர்ந்த மன்றத்தில் மூன்று மாதம்தான் தாக்குப்பிடித்தேன். ஐந்து மாதக் குட்டியின் கழுத்தில் உள்பக்கம் முள் வைத்த சங்கிலியை மாட்டச் சொன்னார் அங்கிருந்த பயிற்சியாளர். மறுத்ததற்கு, “அப்படியானால் பூனை வளர்” என்றார். மின்னதிர்ச்சிப் பட்டையை நாய்மீது பயன்படுத்தக் கூடாது என்று இந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. முள்பட்டைப் பயிற்சியைச் சட்டம் தடை செய்தது 2022 ஜனவரி 1-ஆம் தேதிதான். நான் அதற்குச் சில மாதங்கள் முன்பே வெளியேறியிருந்தேன். இரண்டாவது மன்றத்தை நாய் இல்லாமல் போய் இரண்டு வாரம் பார்த்தபின்தான் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஒரு ராட்வைலர் தப்பு செய்ததும் பயிற்சியாளர் நாயை விட்டுவிட்டு உரிமையாளரைத் திட்டினார். அன்றே உறுப்பினர் படிவம் வாங்கினேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மன்றத்தில் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் அழைக்கிறார்கள். எனக்குப் பயிற்சி தருபவருக்கு வயது 72. அவரை ‘நீ’ என்று கூப்பிட எனக்கு ஓராண்டு ஆயிற்று. அதுவரை பெயரும் சொல்லாமல், நீயும் சொல்லாமல், மொட்டையாகவே பேசிச் சமாளித்தேன்.

மூன்று பிரிவுகளில் எனக்குப் பிடித்தது மோப்பம். விடியலில், அறுவடை முடிந்த வயலிலோ முளைவிட்ட கோதுமையிலோ, விவசாயியிடம் அனுமதி கேட்டுவிட்டு இறங்குவோம். முதலில் நான் தனியாக நடந்து தடம் போட வேண்டும். தொடக்கக் காலத்தில் காலடிக்குக் காலடி சுண்டுவிரல் நகமளவு சாசேஜ் துண்டு. நாய் பின்தொடர்வது என் உடம்பின் வாசனையை மட்டும் என்று நினைத்திருந்தேன். மிதிபட்ட புல்லும் கிளறப்பட்ட மண்ணும் விடும் வாசனையும் அதில் சேர்ந்திருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. அதனால்தான் காய்ந்த மணலில் திணறுகிறவள் பனி இறங்கிய புல்லில் ரயில்போலப் போகிறாள். முதல் நிலைத் தேர்வுக்கு நானே போட்ட 300 காலடித் தடம், இரண்டு திருப்பங்கள், குறைந்தது 20 நிமிடம் ஆறவிட வேண்டும். வழியில் மரம், தோல், துணியால் ஆன சிறு துண்டுகள் கிடக்கும். கண்டதும் கறுப்பி படுத்துக் காட்டுவாள். 10 மீட்டர் வாரின் மறுமுனையில் நிற்கும் எனக்கு அவள் முகம் தெரியாது, மூச்சு மட்டும் கேட்கும். தடத்தில் இருக்கும்போது குறுகிய, ஒரே சீரான உறிஞ்சல். திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டால் மூச்சு நின்று, தலை எழும்பி, வார் தளரும். அந்த இரண்டு நொடியில் நான் வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. சட்டைப்பையில் மறந்துபோன சாசேஜ் சலவை இயந்திரத்துக்குப் போன கதையை மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிதலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூடவே நடப்பது, உட்காருவது, படுப்பது, 650 கிராம் மரக் கட்டையை எறிந்ததும் எடுத்து வருவது, ஒரு மீட்டர் தடுப்பைத் தாண்டுவது, துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாமல் இருப்பது. எங்கள் பிரச்சினை என் இடது தோள். கறுப்பி கூடவே வருகிறாளா என்று பார்க்க நான் தோளைப் பின்னால் திருப்புவேன். அவள் அதைக் கண்டு பின்தங்குவாள். பின்தங்கினாளே என்று இன்னும் திருப்புவேன். எனக்குப் பயிற்சி தரும் கிழவர் என் முதுகில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து இரு முழங்கைகளாலும் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். அடுத்த நாள் வீதியில் பால் வாங்கப் போனபோதும் விறைப்பாகவே நடந்தேன்.

ஒரு நல்ல உத்தியும் அங்கேதான் கிடைத்தது. தேர்வுக்கான ஜெர்மன் கட்டளைகளை வீட்டில் சும்மா வாரி இறைக்கக் கூடாது, தேய்ந்துவிடும் என்றார்கள். எனவே வீட்டில் முழுக்கத் தமிழ். “உட்கார்”, “வேண்டாம்”, “போய்ப் படு”. மைதானத்தில் “ஸிட்ஸ்” (உட்கார்), “ப்ளாட்ஸ்” (படு). அங்கே ஒரு சொல்லுக்கு மின்னல்போல விழுகிறவள், இங்கே “போய்ப் படு” என்றால் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத்தான் போகிறாள்.

காவல் பிரிவைப் பற்றித்தான் வெளியில் தவறான எண்ணம் அதிகம். கடிக்கப் பழக்கினால் நாய் வெறி பிடித்துவிடாதா என்று ஊரிலிருந்து அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறார். கையில் சணல் கவசம் மாட்டி நிற்கும் உதவியாளர் வாரநாளில் வெல்டிங் வேலை செய்பவர். கறுப்பிக்கு உலகத்திலேயே பிடித்த மனிதர் அவர்தான். அவள் பாய்வது அவர்மீது அல்ல, அந்தக் கவசத்தின்மீது. வாய் நிறையக் கவ்வி, உறுமாமல், அமைதியாகத் தொங்க வேண்டும். முன்பல்லால் கடித்து விட்டுவிட்டுக் கடிக்கும் நாய் பயந்திருக்கிறது என்று பொருள். அப்படிப் பயந்த ஒரு நாயை எங்கள் மன்றம் இந்தப் பிரிவில் சேர்க்க மறுத்தது. உரிமையாளர் கோபித்துக்கொண்டார், மன்றம் செய்தது சரி என்பேன்.

கடிப்பதைவிட விடுவதுதான் கடினம். 2024 மே மாதம் முதல் தேர்வு. மோப்பத்தில் 91, கீழ்ப்படிதலில் 83. மதியத்துக்குள் கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். காவல் பிரிவில் உதவியாளர் அசையாமல் நின்றதும் “ஆவுஸ்” (விடு) என்றேன். விடவில்லை. நடுவர் கையைக் காட்ட, மறுபடியும் சொன்னேன். வால் மட்டும் ஆடியது. மூன்றாவது முறையும் விடவில்லை என்றால் தகுதிநீக்கம். அதுவரை எடுத்த மதிப்பெண்கள் எல்லாமே ரத்து. அப்படியே ஆயிற்று. வாரை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கிழவர் ஒரு பீரை நீட்டி, “கட்டளை போடவில்லை நீ, கடன் கேட்டாய்” என்றார்.

அடுத்த நான்கு மாதம் அந்த ஒரு சொல்தான். முறை மிக எளிது: அவள் விட்ட கணமே உதவியாளர் மறுபடி கவசத்தைக் கொடுப்பார். விட்டால் இழப்பு இல்லை, விட்டால்தான் அடுத்த கடி என்று அவளுக்குப் புரிய வேண்டும். அதட்டியபோது விடாதவள் இதற்கு விட்டாள். செப்டம்பரில் மறுபடி தேர்வு: 88, 81, 84. மொத்தம் 253, ‘நன்று’ என்ற தரம்.

செலவு? ஆண்டுச் சந்தா 90 யூரோ. பயிற்சியாளர்கள் சம்பளம் வாங்குவதில்லை. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 15 மணி நேரம் மன்றத்துக்கு உழைக்க வேண்டும்; புல் வெட்டியிருக்கிறேன், வேலிக்கு வண்ணம் அடித்திருக்கிறேன், தேர்வு நாளில் 60 பேருக்கு உருளைக்கிழங்கு சாலட் பரிமாறியிருக்கிறேன். உண்மையான செலவு பெட்ரோலும் மழைக்கோட்டும்தான்.

குறையும் உண்டு. வேலியோரம் நிற்கும் ஐந்து பேரும் ஐந்து யோசனை சொல்வார்கள். புதியவர் எல்லாவற்றையும் கேட்டால் நாய் குழம்பிப்போகும். ஆண்டுக் கூட்டத்தில் குளிர்சாதனப் பெட்டி வாங்குவது பற்றி இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு, சிறு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் ஒதுக்குவது நடக்காத காரியம். எங்கள் பெண் கல்லூரிக்குப் போனபிறகுதான் எனக்கே இது சாத்தியமாயிற்று.

இப்போது இரண்டாம் நிலைக்குத் தயாராகிறோம். இதில் தடத்தை வேறொருவர் போடுவார்: 400 காலடி, அரை மணி நேரம் பழையது. போன வாரம் வெல்டிங்காரர் போட்டுக் கொடுத்தார். முதல் திருப்பம் வரை மூச்சு சீராகத்தான் வந்தது. அங்கே தடத்தை விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து, வயலின் மறுகோடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த அவரை நோக்கி நேராக இழுத்தாள். இந்த வாரம் அவரைக் காருக்குள் உட்காரச் சொல்லியிருக்கிறோம்.