அனுப்பும் திருச்சபைகளின் வரலாறு: தமிழில் ஓர் இணையவழிப் படிப்பு

மிஷனரிகளைப் பெற்றுவந்த ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மிஷனரிகளை அனுப்பும் திருச்சபைகளாக மாறிய வரலாற்றை, இறையியல் கல்லூரி ஒன்று சபை மக்களுக்கான மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பாகத் தமிழில் நடத்துகிறது. வாரம் ஒரு காணொளி விரிவுரை, அச்சிட்ட பாடக்குறிப்பு, மாதம் ஒரு நேரலை வகுப்பு என்ற அமைப்பு வேலைக்குச் செல்வோருக்கும் ஏற்றது, கட்டணமும் நியாயமானது.

பாடம் பாளையங்கோட்டையில் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1903-இல் அங்கு உருவான இந்திய மிஷனரிச் சங்கம் இந்தியரின் பணத்தில், இந்தியரின் நிர்வாகத்தில், இந்திய ஊழியர்களைக் கொண்டே நடக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பணித்தளமான டோர்னக்கல், மொழியும் ஆட்சியும் வேறான நிஜாம் சமஸ்தானத்தில் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து சென்றவர்கள் அங்கு அந்நியர்களாகவே போய் இறங்கி, தெலுங்கு கற்க வேண்டியிருந்தது. சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் இருபதுக்கும் குறைவாக இருந்த ஆசியர்களில் ஒருவராக எழுந்து, மேலைநாட்டு மிஷனரிகளின் தியாகத்தை மனதாரப் பாராட்டிய பின், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று சமமான உறவைக் கேட்டதை விரிவுரையாளர் நிதானமாக, அன்றைய பின்னணியோடு விளக்குகிறார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அசரியா அபிஷேகம் பெற்ற செய்தியைப் பலமுறை கேட்டிருந்தும், இந்த வரிசையில் கேட்டபோதுதான் அதன் கனம் புரிந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பேசும் வாரம் இந்தப் படிப்பின் உச்சம். மிசோரம் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்ற தொகையால் மிசோ பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஊழியத்தைத் தாங்கிவருகிறார்கள். வேல்ஸ் நாட்டு மிஷனரிகளால் வளர்ந்த அந்தத் திருச்சபை, பின்னாளில் வேல்ஸுக்கே ஊழியரை அனுப்பியது. அந்த வாரத்துப் பயிற்சிக்காக எங்கள் சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) பழைய கணக்கேட்டைப் புரட்டினேன். தெருவாரியாகப் 'பிடியரிசி வரவு' என்று படியும் உழக்குமாகக் குறித்திருக்கிறார்கள். அரிசியை எடுத்து வைத்த பெண்களின் பெயர்கள் இல்லை. வீட்டுத்தலைவரின் பெயரே இருக்கிறது. மிஷனரிகளின் படங்களை ஆலயச் சுவரில் மாட்டியிருக்கும் நாம், அவர்களுக்குச் சோறு போட்டவர்களை எழுதிவைக்கவில்லை என்பது என்னை வருத்தியது.

1913-இல் சீனாவின் ஷான்டாங் பகுதிக்குக் கொரியத் திருச்சபை போதகர்களை அனுப்பியதும், நைஜீரியப் பெந்தெகொஸ்தே சபைகள் லண்டனில் வேரூன்றியதும் வேகமாகக் கடந்து செல்கின்றன. லண்டன் சபைகளில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த நைஜீரியர்களே என்னும்போது அதை எந்த அளவுக்கு அருட்பணி என்று சொல்லலாம் என்ற நல்ல கேள்வியைப் பாடக்குறிப்பு எழுப்புகிறது. ஆனால் விவாதத்துக்கு நேரம் ஒதுக்கவில்லை.

என் பெரிய மனக்குறை கடைசி வாரத்தைப் பற்றியது. மேலைநாடுகள் ஆட்களையும் பணத்தையும் அனுப்புவதைச் சில காலம் நிறுத்த வேண்டும் என்று கென்யாவின் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான ஜான் கட்டு (John Gatu) 1971-இல் விடுத்த அழைப்பு, ஒரே ஒரு படவில்லையில் (ஸ்லைடில்) வந்து போகிறது. அந்த அழைப்பு இன்று நம்மை நோக்கியும் திரும்புகிறது. குஜராத்திலும் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் தமிழ் மிஷனரிகள் உண்டாக்கிய சபைகளில் முடிவெடுப்பவர் யார், அந்த ஊர் விசுவாசியா, தமிழ்நாட்டிலுள்ள அலுவலகமா? பழங்குடி மக்கள் தங்கள் மொழியில், தங்கள் இசையில் ஆராதிக்கிறார்களா, நம் கீர்த்தனை மெட்டுகளை மொழிபெயர்த்துப் பாடுகிறார்களா? அசரியா எடின்பரோவில் கேட்டதை அவர்கள் நம்மிடம் கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். நேரலை வகுப்பில் இதை எழுப்பினேன். ஆசிரியர் மனம்திறந்து பேசத் தொடங்கினார், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இதற்கென்று ஒரு முழு வாரம் வேண்டும்.

மற்றக் குறைகள் சிறியவை: சில காணொளிகளில் ஒலி மங்கல், பாடக்குறிப்பில் வரைபடங்கள் இல்லை, திருத்திய கட்டுரைகள் தாமதமாகவே வந்தன. சேர விரும்புவோர் தனியாகச் சேராமல், ஒரே சேகரத்திலிருந்து நான்கைந்து பேராகச் சேருவது நல்லது. பழைய ஏடுகளைப் பார்க்கக் குருவானவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.