மாற்றுச் சிறுநீரகத்துக்கு எந்தத் திரவம் நல்லது: சலைனா, பிளாஸ்மாலைட்டா?

இறந்தவரிடமிருந்து பெற்றுப் பொருத்தும் சிறுநீரகம் சில நேரம் உடனே வேலை செய்யாது. முதல் 7 நாட்களுக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதைத் தாமதச் செயல்பாடு என்பார்கள். புதுச் சிறுநீரகம் கிடைத்தும் மறுபடி டயாலிசிஸ் படுக்கைக்கே போக நேரும் நோயாளியின் மனச்சோர்வு சாதாரணமானதல்ல.

அறுவை சிகிச்சையின்போது நரம்பு வழியே லிட்டர் கணக்கில் ஏற்றப்படும் திரவமாகப் பல காலம் சலைன் எனப்படும் உப்புநீரே இருந்துவந்தது. ரத்தத்தின் உப்பு அளவுகளை ஓரளவு ஒத்த திரவமான பிளாஸ்மாலைட்டில் லிட்டருக்கு 5 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது, சலைனில் துளியும் இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். சிறுநீரகம் இயங்காத உடலில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால், இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 5.5 இருக்கும் ஒருவருக்கு 5 அளவுள்ள திரவத்தை ஏற்றினால், அந்தத் திரவம் மட்டுமே அளவை 5.5-க்கு மேல் உயர்த்திவிடாது. மாறாக, சலைனிலுள்ள 154 மில்லிமோல் குளோரைடு ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அப்போது செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வருகிறது. 2005இல் 51 பேரிடம் சலைனையும், சிறிதளவு பொட்டாசியம் உள்ள இன்னொரு திரவமான ரிங்கர் லாக்டேட்டையும் ஒப்பிட்ட ஆய்வில், பொட்டாசியம் 6-ஐத் தாண்டியவர்கள் எல்லோருமே சலைன் பெற்றவர்கள்தான்.

பெரிய விடை 2023இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் நடந்த பெஸ்ட் ஃப்ளூயிட்ஸ் ஆய்வில், யாருக்கு எந்தத் திரவம் ஏறுகிறது என்பது மருத்துவருக்கோ நோயாளிக்கோ தெரியாதபடி வைத்திருந்தார்கள். தாமதச் செயல்பாடு சலைன் பெற்ற 403 பேரில் 160 பேருக்கும், பிளாஸ்மாலைட் பெற்ற 404 பேரில் 121 பேருக்கும் ஏற்பட்டது. அதாவது 40 சதவீதம் 30 ஆகக் குறைந்தது. பையை மாற்றியதால் மட்டுமே பத்தில் ஒருவர் டயாலிசிஸிலிருந்து தப்புகிறார் என்பது, விலையுயர்ந்த மருந்துகள்கூட எளிதில் தராத பலன்.

ஓராண்டு முடிவில் சிறுநீரகம் நிலைத்திருப்பதில் இரு தரப்புக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பிளாஸ்மாலைட் மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுளைக் கூட்டுகிறது என்று சொல்வது மிகை. உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகம் பெரும்பாலும் உடனே இயங்கிவிடும். அப்படிச் சிறுநீரகம் பெற்றவர்கள் இந்த ஆய்வில் இல்லாததால், அதே அளவு பலனை அங்கே எதிர்பார்க்க இடமில்லை. விலை குறைந்த ரிங்கர் லாக்டேட்டும் குளோரைடு குறைவான திரவம்தான் என்றாலும், இவ்வளவு பெரிய ஆய்வில் சோதிக்கப்பட்டது அதுவல்ல. இறந்தவரின் சிறுநீரகத்தைப் பொருத்தும்போது சலைனை வழக்கத்துக்காக மட்டும் தொடர்வதற்கு, என் பார்வையில், இனி நியாயமில்லை.